டீச்சர் காரில் வந்த சத்தம்

அவனை எல்லோரும் 'காது மெக்கானிக்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைக்காமல், "பின்னாடி வலது பக்கம் பிரேக் தேஞ்சிருக்கு" என்பான். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். இதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அப்பேர்ப்பட்ட காதுக்கு, கூடப் பிறந்த அக்காவின் காரில் இரண்டு வருடமாக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அக்கா அப்படிப்பட்டவள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே கார், ஒரே டீச்சர். அதனால் அவளுக்கு 'டீச்சர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மெக்கானிக்கின் மனைவி. நன்றாகத்தான் ஓட்டுவாள். கியர் மாற்றுவதே தெரியாத அளவுக்கு வண்டி வெண்ணெய் மாதிரி போகும். ஆனால் லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்றிருந்தாள். மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான்: வண்டியைப் பின்னாலேயே எடுத்துப்போய் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தும் இடத்தில்.

நான்காவது டெஸ்ட் அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு. அதில் பாஸானால், அடுத்த தெரு பள்ளிக்கூடத்தில் சின்ன வேன் ஓட்டும் வேலை அவளுக்கு. "சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பாஸ் பேப்பரோட வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை மேல் அவளுக்கு உயிர். "வீட்டுக்குள்ளயே இருந்து இருந்து எனக்கே துரு புடிச்சுப்போச்சு" என்பாள். மெக்கானிக் வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்?

போன டெஸ்டில் அதிகாரி கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தார். "என்னம்மா இது, திரும்பும்போது டொக்குன்னு சத்தம்? அடுத்த தடவை வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா நான் ஏறவே மாட்டேன்." இது நடந்து மூன்று வாரமாகிறது. இன்றைக்கு நாளைக்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்த அக்கா, டெஸ்ட் அன்று காலை ஏழு மணிக்குத்தான் காரைப் பட்டறையில் கொண்டுவந்து விட்டாள். அதையும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் விட்டாள்.

"ரொம்ப நோண்டாதடா. லேசா எண்ணெய் மட்டும் விட்டுக் குடு, போதும்" என்றாள்.

"சத்தம் எத்தனை நாளா வருது?"

"இப்பத்தான்... ஒரு வாரமா."

"மூணு வாரம் முன்னாடியே அந்த ஆபீசருக்குக் கேட்டிருக்கு. எனக்குக் காது குத்தாதே."

அக்கா முந்தானையால் கார்க் கண்ணாடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மெக்கானிக் உட்கார்ந்து, வண்டியை மெதுவாகப் பின்னால் விட்டபடி ஸ்டியரிங்கை ஒடித்தான். ஒன்றேகால் சுற்று போனதும், காலுக்கு அடியில் எங்கேயோ 'டொக்'. நேராக்கிவிட்டு மறுபடி ஒடித்தான். அதே இடத்தில் 'டொக்'. அவன் இறங்கி, வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு, "பால் ஜாயின்ட்" என்றான். டாக்டர் நோயின் பெயரைச் சொல்கிற மாதிரிதான் சொல்வான் எப்போதும்.

முன் சக்கரம் எதில் நிற்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து சக்கரத்துக்கு ஒரு இரும்புக் கை நீண்டிருக்கும். அதுதான் கன்ட்ரோல் ஆர்ம். அந்தக் கையின் நுனியில், கிண்ணத்துக்குள் ஒரு உருண்டை. அது பால் ஜாயின்ட். நம் தோள்பட்டை மூட்டு போலத்தான். சக்கரம் மேலே கீழே போகவும், இடம் வலம் திரும்பவும் அந்த உருண்டைதான் சுழன்று கொடுக்கும். அது தேய்ந்தால் ஆடும். ரொம்பத் தேய்ந்தால் கிண்ணத்தை விட்டுக் கழன்றே போகும். அப்புறம் சக்கரம் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

அவன் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இடது முன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். ஆடும் பல் மாதிரி லொடலொடத்தது. சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தான். ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் போய், உள்ளே வெறும் துருவும் மண்ணும்தான் இருந்தது. ஆர்மின் மறுமுனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் வெடித்திருந்தது. வலது பக்கம் இதற்கு இளைத்ததில்லை. "ரெண்டு ஆர்மும் ஜாயின்ட்டோட மொத்தமா மாத்தணும். எண்ணெயாம் எண்ணெய்!" என்று அக்காவை முறைத்தான்.

"மாத்தினா சத்தம் சுத்தமா வராதாடா?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"வந்தா என் மீசையை எடுத்துர்றேன்."

அவ்வளவுதான், அக்கா முகம் சுண்டிப்போயிற்று. சத்தம் நின்றுவிடும் என்று சொன்னதற்கு முகம் சுண்டும் ஒரு ஜென்மத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

வேலை லேசில் முடியவில்லை. ஜாயின்ட்டைப் பிடித்திருந்த போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. துரு எண்ணெயை அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தான். அசையவில்லை. இன்னொரு பத்து நிமிடம். அப்போதும் அசையவில்லை. கடைசியில் நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி, அதன்மேல் தன் முழு உடம்பையும் சாய்த்த பிறகுதான் "கிர்ர்" என்று மனசில்லாமல் அசைந்துகொடுத்தது. பிறகு சுத்தியலால் பக்கவாட்டில் நாலு போடு. ஐந்தாவது போட்டில் ஜாயின்ட் விட்டுக்கொண்டு வந்தது.

பழைய ஆர்மை வெளியே எடுத்து, அந்த உருண்டையை விரலால் லேசாக இழுத்தான். பிடுங்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தான். பழுத்த பழத்திலிருந்து கொட்டை வருவதுபோல் அது கையோடு வந்துவிட்டது.

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. மூன்று வாரமாகத் தினமும் அவன் மனைவி இதில் உட்கார்ந்துதான் மெயின் ரோட்டில் பழகிக்கொண்டிருந்தாள். நேற்றுக்கூட, லாரிகளுக்கு நடுவில் போய்வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த உருண்டையை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புது ஆர்மை எடுத்தான்.

புதிதைப் பூட்டும்போது அவன் எதற்கும் அவசரப்பட மாட்டான். இரண்டு பக்கமும் புது ஆர்மை மாட்டி, புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவைத்தான். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அது தன் கனத்தில் நின்ற பிறகே பட்டறைத் தரையில் வெட்டியிருந்த குழிக்குள் இறங்கி முழுசாக இறுக்கினான். தொங்கவிட்டபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு மூன்று மாதத்தில் கிழிந்துவிடும். பிறகு சக்கரங்களின் ஓரமாக நூல் கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்த்து, முன் சக்கரங்களைத் திருத்தினான். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவந்தான். முழுசாக ஒடித்தான், தெருப் பள்ளத்தில் இறக்கினான், பிரேக் போட்டான். வண்டி மூச்சுவிடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, கைகாரன்தான்.

மணி பன்னிரண்டு. மனைவி நல்ல சேலை கட்டி, சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிட்டாள். பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் இரண்டு பீப்பாய்களை வைத்து, அவற்றில் துடைப்பங்களைச் செருகிவைத்திருந்தார்கள். அதுதான் அவர்கள் கம்பம்.

"ஒரு தடவை விட்டுப் பாரு. புதுக் கார் மாதிரி இருக்கும்" என்றான் அவன், கையைத் துடைத்தபடி, பாராட்டுக்குத் தயாராக.

அவள் ரிவர்ஸ் போட்டாள். ஒடித்தாள். இன்னும் ஒடித்தாள். ஒடித்துக்கொண்டே இருந்தாள். ஸ்டியரிங் இனிமேல் திரும்பாது என்ற இடம் வரைக்கும் ஒடித்து, நேரே போய் இடது பீப்பாயை இடித்தாள். துடைப்பம் கார்மேல் சாய்ந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை பீப்பாய் உருண்டே போய்விட்டது.

"சத்தமே வரலியேங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"வராது! அதுக்குத்தானே காலையிலேருந்து மாரடிச்சேன்!"

"ஐயோ, வரணுங்க!"

மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். மனைவி அக்காவைப் பார்த்தாள். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது விஷயம். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாமல் அக்கா வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கார் தானாகவே 'டொக்' என்றது. சரியாக எவ்வளவு ஒடிக்க வேண்டுமோ அந்த இடத்தில். அக்காவுக்குத் தெய்வமே இறங்கிவந்து சொல்லிக்கொடுத்த மாதிரி இருந்திருக்கிறது. அன்றிலிருந்து பாடம் ஒரே வரிதான்: 'டொக் கேக்குற வரைக்கும் ஒடி, அப்புறம் அசையாம பின்னாடி போ.' அதற்கப்புறம் சேர்ந்த எல்லோரும் மூன்றே நாளில் வண்டி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சரி பண்ணிருவியேடா!"

அதனால்தான் பட்டறைக்கு வரும்போதெல்லாம் தானே நேராக ஓட்டிவந்து, நேராக நிறுத்தி, சாவியைக் கையை விட்டு விடாமல் ஆயில் மட்டும் மாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். மெக்கானிக்குத் திடீரென்று இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருடம் ஒரு பாங்க் மேனேஜர் பளபளவென்று புத்தம்புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "டீச்சர் கார்ல வர்ற டொக் என் கார்ல வரல. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்து, மோர் வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தான்.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. ஆனால் மனைவி சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கி வந்து, அவன் எதிரில் நின்றாள்.

"பழசை மாட்டிருங்க."

"என்ன?"

"பழைய ஆர்மையே திருப்பி மாட்டிருங்க. இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. டெஸ்ட் முடிஞ்சதும் மறுபடி புதுசை மாட்டிக்கோங்க."

"ஆமாடா, ஒரே ஒரு நாள்தானே" என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள். "ஆபீசர் கேட்டா, பாதி சரி பண்ணியாச்சுன்னு சொல்லிக்கலாம்."

இருபது வருடத் தொழிலில் அவனை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் வாயைத் திறப்பதற்குள் மனைவியின் கண்ணைப் பார்த்துவிட்டான். அது தளும்பிக்கொண்டிருந்தது. அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அந்த உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இதுலதான் சக்கரம் நின்னுச்சு. இழுக்கக்கூட இல்லை, தொட்டேன், வந்துருச்சு. நேத்து லாரிக்கு நடுவுல போனேன்னு சொன்னியே, அப்ப வந்திருந்தா?" என்றான். "வேலை போனா போகட்டும். இதை நான் மாட்ட மாட்டேன். நீ என்ன சொன்னாலும் மாட்ட மாட்டேன்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்காவும் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாவிடா. எத்தனை பேரை இதுல ஏத்தியிருக்கேன்!"

"அதனாலதான் முதல் டெஸ்ட்ல டொக்கே வரலையா?" என்றாள் மனைவி மெதுவாக. "அன்னைக்கு மழை. காத்திருந்து காத்திருந்து கம்பத்துல போய் இடிச்சேன். ரெண்டாவது தடவை சீக்கிரமே வந்துருச்சு, கோட்டுக்கு வெளியில போயிட்டேன். மூணாவது தடவை ரெண்டு டொக் வந்துச்சு. எதைக் கேக்கிறதுன்னு தெரியாம பாதியில நின்னுட்டேன்."

"இவ்வளவு தேய்ஞ்சா ஜாயின்ட் அப்படித்தான். தண்ணி பட்டா சத்தம் அடங்கும், காய்ஞ்சா கூடும்" என்று அவன் தொழில் பேச ஆரம்பித்தான். பேச்சுக்கு நடுவில் அந்த நாள் ஞாபகம் வந்தது. அவள் மூன்றாவது தடவை தோற்றுவிட்டு வந்த அன்று, பட்டறையில் நாலு வாடிக்கையாளர்கள் இருக்கும்போது, "உனக்கு இதெல்லாம் வராது, விடேன்" என்று சிரித்தது அவன்தான். நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு வராதுன்னு சொன்னேன் பாரு, அது தப்பு" என்றான். "தப்பு வண்டி மேல. அதைக் கேக்காத என் காது மேல. உன் மேல ஒண்ணும் இல்லை."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். இப்ப நீங்க எப்படி நிறுத்துவீங்க, அதைச் சொல்லுங்க."

அவன் யோசித்தான். யோசித்துச் செய்கிற காரியமாக அது அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. "நானா... கண்ணாடியில பின் சக்கரத்தைப் பார்ப்பேன். கோட்டுக்குப் பக்கத்துல போனா கொஞ்சம் விடுவேன். விலகினா கொஞ்சம் ஒடிப்பேன். அப்படியே பார்த்துக்கிட்டே போவேன்."

"போய்க்கிட்டே இருக்கும்போதா?"

"ஆமா."

"பாதியில திருத்திக்கலாமா?"

"திருத்தாம யாரால வண்டி ஓட்ட முடியும்?"

அவள் வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தாள். ஒரு தடவை ஒடித்தால் ஒடித்ததுதான், அப்புறம் கையை அசைக்கக் கூடாது என்று அவள் இத்தனை நாளும் ஸ்டியரிங்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். கோணலாகப் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தும், பாடத்தை மீறக் கூடாதே என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி!" என்று அக்கா பக்கம் திரும்பினாள்.

"என்னைத் திட்டாதே, தாயே. டெஸ்ட் முடியட்டும், உக்கார வச்சுத் திட்டு."

பீப்பாய்களை மறுபடி நிமிர்த்தினார்கள். மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறினான். அவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் தடவை பீப்பாயை உரசினாள். இரண்டாவது தடவை ஒரு சாண் வெளியே. மூன்றாவது தடவை கோணலாகப் போய்க்கொண்டிருந்தவள் நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் ஒடித்து, உள்ளே போய் நின்றாள். அதற்கப்புறம் அவளை நிறுத்தச் சொல்ல யாராலும் முடியவில்லை. பதினேழு தடவை விட்டாள். தூக்கில் இருந்த சாப்பாடு ஆறிப்போயிற்று. அதை யாரும் தொடவில்லை.

டெஸ்ட் மைதானத்துக்கு அவனும் வந்தான். இதற்கு முன் மூன்று தடவையும் வேலை இருக்கிறது என்று சொல்லி வராதவன்தான். "புதுசா பூட்டியிருக்கு, எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்" என்று கேட்காத அக்காவிடம் காரணம் சொல்லிக்கொண்டான். இரண்டு பேரும் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள்.

அதிகாரி ஏறினார். அவள் ஒரு சுற்று வந்தாள், மேடேறினாள், நிறுத்தினாள், எடுத்தாள். அதெல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பிறகு கம்பங்களுக்கு முன்னால் போய் நின்றாள். ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "டொக், டொக்" என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள்.

"சும்மா இரு, அக்கா!"

கார் பின்னால் வந்தது. கோணலாகத்தான் வந்தது. இடது பக்கம் கம்பத்துக்கும் காருக்கும் கையளவு இடம்தான். மெக்கானிக்கின் விரல்கள் வேலிக் கம்பியை நெரித்தன. கார் நின்றது. எத்தனை நேரம் நின்றதோ, அவனுக்கு ஒரு யுகம். பிறகு முன் சக்கரங்கள் சத்தமில்லாமல் மெல்லத் திரும்பின. மூக்கு நேரானது. இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, கார் போய் உட்கார்ந்தது.

அதிகாரி இறங்கினார். பேப்பரை பானட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "சத்தத்தை யாரோ நல்லா சரி பண்ணியிருக்காங்களே. யாரும்மா மெக்கானிக்?" என்று அவர் கேட்டது வேலி வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் மெக்கானிக் அதைப் பத்து நாள் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பான். அன்றைக்கு அவன் காதில் அது விழவே இல்லை. பேப்பரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நாலேகால் மணி. பள்ளிக்கூடத்துக்குப் போக நேரம் இருந்தது. அக்கா பின் சீட்டில் ஏறி, "நாளைக்கு வர்ற ஏழு பேருக்கு நான் என்னத்தைடா சொல்லிக் குடுப்பேன்? பழைய ஆளுங்களை எல்லாம் கூப்பிட்டு வேற சொல்லணுமே!" என்று ஆரம்பித்துவிட்டாள். மெக்கானிக் வழக்கம்போல டிரைவர் பக்கக் கதவுக்குப் போனான். மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. அவன் அசட்டுச் சிரிப்போடு சுற்றி வந்து இந்தப் பக்கம் ஏறினான்.

"இன்னைக்கு வந்தது காரைப் பார்க்கவா, என்னைப் பார்க்கவா?" என்று கேட்டாள் அவள், முன்னால் பார்த்தபடியே.

பின் சீட்டில் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"உன்னைத்தான்" என்றான் அவன்.

அவள் கியரைப் போட்டாள். "அப்படின்னா பெல்ட்டை மாட்டுங்க. வண்டி என் பொறுப்பு."